வில்லியனூர்த் தேரும் பாகூர்க் கல்வெட்டும்: வெளிநாடு செல்வோர் எந்த லென்ஸைக் கொண்டு செல்வது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் வில்லியனூர். வில்வ மரங்கள் அடர்ந்திருந்தமையால் வில்வநல்லூர் என்று வழங்கிய பெயரே நாளடைவில் வில்லியனூர் ஆயிற்று என்பர். இங்கே அருள்மிகு கோகிலாம்பிகை உடனாய திருக்காமீசுவரர் சுயம்பு மூர்த்தியாகக் கோயில் கொண்டுள்ளார். கோகிலம் என்றால் குயில். குயிலம்மை என்று இவ்வூர் மக்கள் அன்னையை வாய் நிறைய அழைப்பர்.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் எல்லையை ஒட்டி அமைந்தது பாகூர். பெரிய ஏரியும் அதன் பாசனத்தில் விளையும் நெல்வயல்களும் சூழ்ந்த இவ்வூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அருள்மிகு வேதாம்பிகை சமேத மூலநாதர் இங்கே எழுந்தருளியுள்ளார். பல்லவர் காலத்திலேயே கல்வியால் புகழ்பெற்றிருந்த ஊர் இது.

இவ்விரு கொம்யூன்களிலும் வெளிநாட்டுப் பயணம் புதிய செய்தி அன்று. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி இங்கே நடைமுறையில் முடிவுற்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படியும் நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட, அதை ஏற்ற குடும்பங்கள் பல. அதனால் மகன் பாரிஸிலும் பெற்றோர் கிராமத்திலும் வாழும் வீடுகளை இப்பகுதியில் இன்றும் காணலாம். பேரப்பிள்ளைகளைக் காண முதியோர் விமானம் ஏறுகிறார்கள். அங்குள்ள ஆலயங்களையும் தரிசிக்கிறார்கள். சிலர் அங்கோர்வாட், பிரம்பானன் என்று தமிழர் போற்றும் அயல்நாட்டுக் கோயில்களுக்கும் யாத்திரை செல்கிறார்கள்.

அவ்வேளையில் வீட்டில் எழும் ஒரு கேள்வி உண்டு. பிள்ளை வாங்கித் தந்த கேமராவுக்கு எத்தனை லென்ஸ் எடுத்துச் செல்வது? கைப்பைக்குப் பல விமான நிறுவனங்கள் அனுமதிப்பது 7 கிலோ. மருந்துப் பையும் மாற்றுடையும் போக மிஞ்சுவது சொற்பம். இக்கேள்விக்கான விடையை ஊர்க் கோயிலிலேயே தெரிந்துகொள்ளலாம். வில்லியனூர்த் தேர்வீதியிலும் பாகூர்ப் பிராகாரத்திலும் எது உதவுகிறதோ, அதுவே பெரும்பாலும் கடல் கடந்த ஆலயங்களிலும் உதவும்.

லென்ஸ் எனும் கண்

லென்ஸ் என்றதும் முதியோர் பலருக்கு நினைவுக்கு வருவது கண்புரை அறுவை சிகிச்சைதான். கண்ணுக்குள் பொருத்தும் அந்த லென்ஸ் பெரும்பாலும் ஒரே தொலைவுக்கு ஏற்றது. தூரப் பார்வைக்கு அதை வைத்துவிட்டால், பஞ்சாங்கம் படிக்கத் தனியே கண்ணாடி அணிய வேண்டும். கேமரா லென்ஸிலும் இதே போன்ற பிரிவு உண்டு. ஒரே அளவில் நிற்பதை நிலைக்குவிய லென்ஸ் என்றும், வளையத்தைத் திருகி அளவை மாற்றக்கூடியதை ஜூம் லென்ஸ் என்றும் வழங்குவர்.

லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் ஓர் எண் பொறித்திருக்கும். அதுவே குவியத் தொலைவு. எண் சிறிதானால் அகன்ற காட்சி, பெரிதானால் குறுகிய, ஆனால் நெருங்கிய காட்சி. முழு அளவு உணரி கொண்ட கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகைக் கோணத்தைக் காணும், 50 மில்லிமீட்டர் 46 பாகை, 200 மில்லிமீட்டர் 12 பாகை. இவற்றுள் 50 மில்லிமீட்டர் காட்டும் உருவ அளவுகள் மனிதக் கண்ணின் இயல்பான பார்வைக்கு நெருங்கியவை. சிறிய உணரி கொண்ட கேமராக்களில் இந்த எண்ணைச் சுமார் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதாவது அவற்றில் 16 மில்லிமீட்டர் லென்ஸே 24-இன் வேலையைச் செய்யும். கைப்பேசிகள் பலவற்றின் முதன்மை லென்ஸும் ஏறத்தாழ இந்த 24 மில்லிமீட்டர் அளவினதே.

வில்லியனூரில் தேரும் கோபுரமும்

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் திருக்காமீசுவரர் தேரேறி வீதியுலா வருவது வில்லியனூரின் பெருவிழா. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுப்பது வழக்கமாயிற்று. ஆட்சி மாறிய பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்க, ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தேரை இழுக்கிறார்கள்.

இங்கேதான் முதல் பாடம். வீதி குறுகலானது, தேரோ உயரமானது. பின்னால் நகர இடமில்லை. வெறும் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு நிற்பவருக்குத் தேரின் சக்கரம் கிடைக்கும், அல்லது கலசம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்க அகன்ற லென்ஸ் வேண்டும்.

கோபுரத்தை எடுக்கும்போது மற்றொரு சிக்கல் தோன்றும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரத்தின் இரு பக்கங்களும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, பின்னோக்கி விழுவது போலப் படத்தில் தெரியும். கேமராவைத் தரைக்கு நேராகப் பிடித்தால் இச்சாய்வு நீங்கும். ஆனால் அப்போது உச்சி முழுதும் படத்தில் அடங்க வேண்டிய அளவு விலகி நிற்க வேண்டும். 60 அடி உயரக் கோபுரத்தை நிமிர்த்திப் பிடித்த கேமராவால் சாய்வின்றி எடுக்க, 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 75 அடித் தொலைவு போதும். அதே கோபுரத்துக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸானால் 150 அடிக்கு மேல் விலக வேண்டும். சன்னதித் தெருவில் 75 அடி கிடைக்கலாம், 150 அடி கிடைப்பது அரிது. கட்டடக் கலைஞர்கள் இதற்கென்றே கண்ணாடியை மேலே நகர்த்தக்கூடிய தனி லென்ஸைப் பயன்படுத்துவர். அதன் விலையும் எடையும் யாத்திரிகருக்கு ஏற்றவை அல்ல. சற்று விலகி நின்று, நேராகப் பிடித்து எடுத்து, கீழே மிகுதியாக விழும் தரையைப் பின்னர் வெட்டிவிடுவதே எளிய வழி.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். பாரிஸ் நகரின் 18-ஆம் வட்டாரத்தில் ஈழத் தமிழர் முயற்சியால் 1985-இல் உருவானது மாணிக்க விநாயகர் ஆலயம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்கே தேரோட்டம் நடைபெறுகிறது. சாலையெங்கும் தேங்காய்கள் குவிய, காவடியும் கற்பூரச் சட்டியும் முன்செல்ல, ஐரோப்பிய நகரத்து மாளிகைகளுக்கு இடையே தேர் அசைந்து வரும். வில்லியனூர் மாடவீதியில் 24 மில்லிமீட்டர் லென்ஸோடு பழகிய கை அந்த நெரிசலிலும் தடுமாறாது.

மண்டபத்து இருளும் மூலவர் சன்னதியும்

கருங்கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பன்மடங்கு குறைகிறது. இங்கே லென்ஸின் இரண்டாவது எண் முக்கியமாகிறது. அது துளையின் அளவைக் குறிப்பது. எண் சிறிதானால் துளை பெரிது, உட்புகும் ஒளி மிகுதி. 1.8 என்று குறித்த லென்ஸ், 5.6 என்று குறித்த லென்ஸைப் போல ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்வாங்கும். மலிவு விலை ஜூம் லென்ஸ்கள் நெருங்கிய காட்சியில் 5.6-க்கு இறங்கிவிடும். அவற்றோடு மண்டபத்தில் நின்றால் கை நடுக்கம் படத்தில் பதியும். வயது முதிர்ந்த கைகளுக்கு இது பெரிய குறை. 50 மில்லிமீட்டர், 1.8 லென்ஸ் ஒன்று 200 கிராமுக்குள் அடங்கும், விலையும் குறைவு. தீபாராதனை முடிந்து தூணோரம் அமர்ந்திருக்கும் துணைவியின் முகத்தை விளக்கொளியிலேயே எடுக்க இதைவிட ஏற்றது இல்லை. ஃபிளாஷ் விளக்கை அணைத்தே வைக்க வேண்டும். அது தரிசனம் செய்வோர் கண்ணைக் கூசச் செய்யும், மண்டபத்தின் இயல்பான ஒளியையும் அழித்துவிடும்.

மூலவரைப் படம் எடுத்தல் ஆகாது என்பது நம் ஆலயங்களின் மரபு. கருவறை இருளில் ஒற்றை விளக்கின் ஒளியில் ஒரு கணம் தோன்றும் திருமேனியை உள்ளத்தில் பதித்துக்கொள்வதே தரிசனம். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாயினும் அர்த்த மண்டப வாயிலில் மூடியிருக்க வேண்டும். வெளிநாட்டு ஆலயங்களிலும் அறிவிப்புப் பலகையைப் படித்து, தெரியாவிடில் அர்ச்சகரைக் கேட்டு நடப்பதே முறை.

பாகூரில் கல்லும் எழுத்தும்

பாகூர் மூலநாதர் ஆலயம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளும், தொண்டைநாட்டை வென்று ஆண்ட இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலக் கல்வெட்டுகளும் இங்கே உள்ளன. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும் மன்னன் இவனே. விமானத்தின் தாங்குதளத்தை ஒட்டிக் குனிந்து பார்ப்பவர்க்கு உள்ளங்கை அளவேயான புடைப்புச் சிற்பங்கள் தெரியும். நின்று வலம் வருவோர் கண்ணில் இவை பெரும்பாலும் படுவதில்லை.

இங்கே பாடம் வேறு. எழுத்தையும் சிறு சிற்பத்தையும் எடுக்க, மிக அருகில் குவியக்கூடிய மேக்ரோ வகை லென்ஸ் உதவும். 60 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலானவை ஏற்றவை. அகன்ற லென்ஸை அருகே கொண்டுசென்றால் சிற்பத்தின் மூக்கும் முழங்காலும் பெருத்து, அளவு கெட்டுத் தோன்றும். கேமராவைக் கல்லுக்கு நேராகப் பிடிப்பதும், வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை அல்லது மாலையைத் தேர்வதும் வேண்டும். உச்சி வெயிலில் மங்கித் தெரியும் எழுத்து, சாய்ந்த ஒளியில் நிழல் பெற்று எழுந்து நிற்கும். எழுத்தைத் தெளிவாக்க எண்ணிச் சுண்ணக்கட்டி பூசுவதோ எண்ணெய் தேய்ப்பதோ கல்லுக்குத் தீங்கு. பாதுகாக்கப்பட்ட இவ்வகைக் கோயில்களில் முக்காலியை நிறுத்த முன்அனுமதி பெற வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பாகூரின் பெருமைக்குரிய ஆவணம் பாகூரில் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், வேசாலிப் பேரரையன் என்னும் தலைவன் வேண்டிக்கொள்ள, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய 3 ஊர்கள் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. அதனைக் கூறும் செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் அமைந்தவை. வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், தருமசாத்திரம், புராணம் எனப் பதினான்கு வித்தைகளையும் பயிற்றுவித்த கல்விச்சாலை அது. அச்செப்பேடுகள் 19-ஆம் நூற்றாண்டில் பாகூரில் கிடைத்து, கடல் கடந்து பாரிஸின் தேசிய நூலகத்தை அடைந்தன. பாகூர்க்காரர் ஒருவர் பேரனைக் காணப் பாரிஸ் செல்லும்போது, அவருடைய ஊரின் கல்விப் புகழைச் சொல்லும் செப்பேடும் அதே நகரத்தில்தான் இருக்கிறது.

படம் மீட்டுத் தந்த திருமேனிகள்

செப்பேட்டைப் போலத் திருமேனிகளும் கடல் கடந்ததுண்டு. அவை திரும்பி வந்ததில் புதுச்சேரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1955-இல் ழான் ஃபில்லியோசா என்னும் அறிஞரைத் தலைவராகக் கொண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுக்கும் பணி தொடங்கிற்று. ஊர் ஊராகச் சென்று, கோபுரம், தூண், கோட்டச் சிற்பம், உற்சவ மூர்த்தி என ஒவ்வொன்றையும் எடுத்தார்கள். இன்று அத்தொகுப்பில் ஏறத்தாழ 1,60,000 படங்கள் உள்ளன. எடுத்த காலத்தில் அவை ஆய்வாளர்க்கான குறிப்புகள். பின்னாளில் அவையே சாட்சிகள் ஆயின.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை, நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் 2004 முதல் இருந்தது. இவை எந்தக் கோயிலுக்கு உரியவை என்று நிறுவப் புதுச்சேரித் தொகுப்பின் பழைய படங்கள் பேருதவி புரிந்தன. படத்தில் இருந்த சிறு தேய்வும் வடுவும் பீடத்தின் அமைப்பும், கலைக்கூடத்தில் நின்ற திருமேனியோடு பொருந்தின. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டெல்லிக்கு வந்து இரு திருமேனிகளையும் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

அப்படங்கள் அழகுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. நேராக நின்று, உருவம் சிதையாமல், முழுமையாக எடுக்கப்பட்டவை. அதனாலேயே பயன்பட்டன. பயணத்துக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும் குடும்பம், புறப்படும் முன் தன் குலதெய்வக் கோயிலுக்கு இந்தத் தொண்டைச் செய்யலாம். கோயில் நிர்வாகத்தின் அனுமதி பெற்று, உற்சவ மூர்த்திகளையும் கோட்டச் சிற்பங்களையும் முன், பின், இரு பக்கம், பீடம் என 50 முதல் 85 மில்லிமீட்டர் அளவில் எடுக்க வேண்டும். அருகே ஓர் அளவுகோலை வைத்தும் ஒரு படம் எடுப்பது நன்று. வடு, தேய்வு, எழுத்து ஆகியவற்றைத் தனியே அருகில் எடுக்க வேண்டும். நாளையும் ஊரையும் குறித்து, ஒரு படி கோயிலிலும் ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும். சிறிய கிராமக் கோயில்கள் பலவற்றில் இத்தகைய பதிவே இல்லை. களவு நேர்ந்தால் நம் சாமி என்று சொல்ல நினைவு மட்டும் போதாது. அயல்நாட்டு நீதிமன்றம் ஆதாரம் கேட்கும்.

பையில் எவை, வீட்டில் எவை

இனித் தேர்வு எளிது. யாத்திரை செல்லும் முதியோர்க்கு இரண்டு லென்ஸ் போதும். ஒன்று, 24-இல் தொடங்கி 70 அல்லது 105 வரை செல்லும் ஜூம் லென்ஸ். தேருக்கும் கோபுரத்துக்கும் அதன் 24, குடும்பப் படத்துக்கு 50, கோட்டச் சிற்பத்துக்கு 70-க்கு மேல். மற்றொன்று, இருளுக்கு 50 மில்லிமீட்டர், 1.8. பெரிய துளை கொண்ட 70-200 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. கழுத்தில் மாட்டி நாள் முழுதும் நடக்க அது ஏற்றதன்று. கோபுரத்தின் உச்சிச் சுதைகளைக் கண்டு மகிழச் சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். மேக்ரோ லென்ஸ், கல்வெட்டில் ஈடுபாடு உள்ளவர்க்கு மட்டும். கைப்பேசி மட்டுமே உள்ளவர் வருந்த வேண்டியதில்லை. வெளிச்சத்தில் அதுவே 24-இன் பணியைச் செவ்வனே செய்யும்.

கம்போடியாவில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர்வாட் கோயிலில், பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 50 மீட்டர் நீளச் சுவரில் விரிகிறது. எந்த லென்ஸாலும் அதை ஒரே படத்தில் அடக்க இயலாது. பகுதி பகுதியாக, சுவருக்கு நேராக நின்று எடுத்துச் செல்வதே வழி. ஜாவாவின் பிரம்பானனில் சிவன் கோயில் 47 மீட்டர் உயரமுடையது. அங்கே விலகி நிற்கப் பரந்த வெளி உண்டு. பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள் உள்ளன. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை எடுக்கும்போது, லென்ஸின் முன்விளிம்பைப் பேழையின் அருகே கொண்டுசென்றால் எதிரொளி குறையும். கேமராவைத் தாழ்த்திய பின் ஒரு கணம் கைகூப்பி நிற்பதை எந்த நாட்டு விதியும் தடுக்காது.

லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தால் லென்ஸில் பனி படியும். மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தபடி சிறிது நேரம் காத்திருந்து எடுத்தால் அது நேராது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி ஆதலால், ஊர் திரும்பிய பின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு லென்ஸை வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

தரிசனக் குறிப்பு

வில்லியனூருக்குப் புதுச்சேரியிலிருந்து நகரப் பேருந்துகள் மிகுதி. விழுப்புரம் இரயில் பாதையில் நிலையமும் உண்டு. அருகிலேயே சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி கங்கைவராக நதீசுவரர் ஆலயம். மாசிமகத் தீர்த்தவாரி அங்கே சிறப்பு. பாகூருக்குக் கடலூர்ச் சாலையில் சென்று மேற்கே திரும்ப வேண்டும். காலையில் பாகூரும் மாலையில் வில்லியனூரும் என வகுத்துக்கொண்டால் ஒரே நாளில் இரு தலங்களையும் நிதானமாகத் தரிசிக்கலாம்.

வெளிநாட்டுப் பயணச் சீட்டு வாங்கிய குடும்பத்தார் புறப்படும் முன் ஒரு நாள் இவ்விரு தலங்களுக்கும் வந்து, பிரார்த்தனையை முடித்து, கேமராவையும் பழக்கிக்கொள்ளலாம். ஊர்த் தெய்வத்தின் அருளும் பழகிய கையும் உடன்வந்தால் பயணம் இனிதாகும். மூலநாதரும் திருக்காமீசுவரரும் அன்பர்களை நலமே அழைத்துச் சென்று நலமே திருப்பித் தருவாராக.